எட்டு மரங்களுக்கான முன்மாதிரித் திட்டம், மூன்றாம் வரைவு

1

இந்தக் கதை என் பென்சிலால் வந்த வினை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மறைத்துவைத்துப் பிற்பாடு மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

நான் பிழை திருத்துபவன். பாடப் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், துணி துவைக்கிற இயந்திரத்தின் கையேடு என்று எது வந்தாலும் ஒற்று மிகுமா மிகாதா, வாக்கியம் நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்துக் கொடுப்பேன். நடுநடுவே கதையும் எழுதுவேன். என் மனைவி ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மின்னணுப் பொறியாளர். அங்கேயிருந்து வெளியே போகிற அறிக்கைகள், போவதற்கு முன் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஓர் இரவு தங்கிவிட்டுத்தான் போகும்.

அப்படித் தங்கிய ஓர் அறிக்கையில், இருபத்து மூன்றாம் பக்கத்தில், ஒரு சொல்லுக்குக் கீழே கோடு இழுத்து ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினேன். அதற்குப் பிறகு என் மனைவியும் என் தம்பியும் பதினொரு நாள் பேசிக்கொள்ளவில்லை.

இதைக் கதையாக எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

“எழுதுங்க. ஆனா நான் படிச்சுப் பார்ப்பேன். தப்பு இருந்தா நடுவுலயே எழுதிடுவேன். அப்புறம், நான் அழுததா எழுதக் கூடாது.”

“நீதான் அழவே இல்லையே.”

“அதனாலதான் சொல்றேன். கதைன்னு வந்துட்டா அழ வெச்சிடுவீங்க.”

ஆகவே, சதுர அடைப்புக்குள் வருகிற வரிகள் என்னுடையவை அல்ல, அவளுடையவை. நான் அவற்றில் கை வைக்கவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“மரங்கள் பகல் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, இருட்டியதும் மெல்ல—”

[மரம் பகல்ல தண்ணியை இழந்து சுருங்கும். ராத்திரி குடிச்சு வீங்கும். மூச்சும் இல்லை, ஒண்ணும் இல்லை. இதைப் படிச்சா மரத்து மேடம் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பாங்க.]

அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கத்தில் அவளை வேறொரு ஆராய்ச்சிக் கூடத்துக்கு மாற்றினேன். நில அதிர்வுகளைப் பதிவு செய்கிற கூடம். கை நடுங்குகிற ஒரு பெண், பூமியின் நடுக்கத்தை அளக்கிற கருவியைத் திட்டமிடுகிறாள்! எழுதி முடித்து நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“என் கை நடுங்குதுங்கிறதுக்காகப் பூமியை எல்லாம் நடுங்க வைக்காதீங்க.”

அதுவும் போயிற்று. ஆனால் இந்த இரண்டாவது தொடக்கத்தைப் பற்றிச் சொல்லப்போய், இன்னும் நான்கு பக்கம் கழித்து மெதுவாகச் சொல்லலாம் என்று வைத்திருந்த விஷயத்தை இப்போதே கொட்டிவிட்டேன். என் மனைவிக்கு வலது கை நடுங்குகிறது. சரி, தெரிந்துகொண்டே படியுங்கள். எங்களுக்கும் அது வந்துவிட்டபிறகுதான் தெரிந்தது.

3

உள்ளதை உள்ளபடி சொன்னால் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

ஊருக்கு வெளியே உள்ள காட்டில் முப்பத்திரண்டு மரங்களில் கருவி பொருத்தி, ஒவ்வொரு மரத்தின் அடியும் எப்படி வீங்கிச் சுருங்குகிறது என்று ஐந்து வருடம் விடாமல் பதிவு செய்ய வேண்டும். அது பெரிய திட்டம். அதற்கு முன்னால், ஆராய்ச்சிக் கூடத்தின் பின்முற்றத்தில் நிற்கிற எட்டு மரங்களில் ஒரு முன்மாதிரி செய்து பார்க்க வேண்டும். என்னென்ன வாங்குவது, எதை யார் கட்டுவது, எந்தக் கணினி எங்கே உட்காருவது என்று திட்டம் எழுதி, மூன்று பேர் கொண்ட குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கருவிப் பக்கத்துக்குப் பொறுப்பு என் மனைவி. கணினிப் பக்கத்துக்குப் பொறுப்பு என் தம்பி. இருவருக்கும் மேலே, தாவரவியல் படித்த தலைவி. அவரைத்தான் எல்லோரும் மரத்து மேடம் என்பார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மரப்பட்டையின் மேல் ஒரு மெல்லிய உலோகக் குச்சி அழுத்தியபடி இருக்கும். மரம் வீங்கினால் குச்சி பின்னால் போகும், சுருங்கினால் முன்னால் வரும். ஒரு நாளில் மொத்த நகர்வே ஒரு தலைமுடியின் கனம்தான். அந்த நகர்வு சிறிய மின்னழுத்தமாக மாறிக் கம்பியில் வந்து, ஒரு போர்டில் பெரிதாகி, எண்ணாகிக் கணினிக்குப் போகும். நிமிடத்துக்கு ஓர் எண். எட்டு மரத்துக்கு எட்டு எண்.

[முதல் தடவையா சரியா சொல்லியிருக்கீங்க.]

தம்பி அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் அதற்கும் பத்து வருடம் முன்னாலிருந்து இருக்கிறாள். வேலையிடத்தில் உறவு தெரியக் கூடாது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கூட்டங்களில் ‘மேடம்’, ‘சார்’ என்று பேசினார்கள். நான்காவது வாரத்தில் ஒரு கூட்டத்தில், வாக்குவாதம் சூடேறிய இடத்தில், தம்பி வாய் தவறி, “அது அப்படி இல்லை அண்ணி!” என்று கத்திவிட்டான். அன்றிலிருந்து கூடமே அவளை அண்ணி என்கிறது. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிற கிடங்குக்காரரும் அண்ணி என்கிறார். மரத்து மேடம் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். இப்போது அவரும்.

அன்றைய வாக்குவாதம், கணினி ஒன்றா இரண்டா என்பது. அது இன்றுவரை முடியவில்லை. மரங்களுக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி, அது எண்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்யட்டும்; சேமிக்கவும் வரைபடம் போடவும் உள்ளே இன்னொன்று இருக்கட்டும் என்பது அவள் கட்சி. உள்ளே ஒன்றே போதும் என்பது அவன் கட்சி.

“ரெண்டு வெச்சா ரெண்டும் கெட்டுப்போகும் அண்ணி. ஒண்ணு வெச்சா ஒண்ணுதான் கெடும்.”

“அந்த ஒண்ணு கெட்டா என்ன மிஞ்சும் தம்பி?”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறான். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எனக்கே அந்த இரண்டு கணினிகளும் பெண் எடுத்த சம்பந்திகள் மாதிரி பழக்கமாகிவிட்டன.

4

கை.

(இந்தப் பகுதியைப் பல தடவை தொடங்கினேன். “ஒரு நாள் காலையில்” என்று தொடங்கினால் பொய். அப்படி ஒரு காலை இல்லை.)

அவள் தேநீரை அரைக் கோப்பை மட்டும் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். குறைத்துக் குடிக்கிறாள் என்று நினைத்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொன்னாள். கண் சரியில்லை என்றாள். கண்ணாடிக்காரரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் எந்த மாற்றமும் இல்லை, பழைய கண்ணாடியே போதும் என்றார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை போய், வேறொரு கண்ணாடிக்காரரிடம் அழைத்துப் போனேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு இடத்திலும் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டினாள், கடைசி வரி வரைக்கும், பிழையில்லாமல்.

தம்பி கண்டுபிடித்தது அலுவலகத்தில். அவர்கள் இருவருக்கும் இரண்டாம் மாடியில் ஒரே அறை. சுவரோரம் நீள மேசை, அதன் மேல் பச்சை ரப்பர் விரிப்பு, பின்முற்றத்தைப் பார்த்த ஜன்னல். அவள் போர்டில் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு உலோகக் கால்களை ஈயம் ஒன்றாக ஒட்டிவிட்டது. கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தவறு அது. பதின்மூன்று வருடத்தில் அவளிடம் அவன் பார்த்ததோ கேள்விப்பட்டதோ இல்லை. அவள் சுரண்டி எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் ஒட்டியது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு, அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் மட்டும் அவள் பற்றவைப்பதைக் கவனித்தான். அவன் சாப்பிடுகிற நேரத்தை நீட்டிக்கொண்டான். இருபது நிமிடம் ஒரு மணி நேரம் ஆயிற்று. கேன்டீனில் அவனுக்குப் பேச ஆளில்லாமல், சுவரில் ஒட்டியிருக்கிற தீயணைப்பு விதிகளை மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொன்னான். இன்றைக்கும் ஒப்பிப்பான்.

[இது எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியுது.]

5

திட்டத்தின் மூன்றாம் வரைவு அவன் எழுதியது. முதல் இரண்டு வரைவுகளில், எட்டு போர்டுகளும் கூடத்திலேயே கையால் பற்றவைக்கப்படும் என்று இருந்தது. மூன்றாவதில் அவன் அதை மாற்றியிருந்தான். எல்லா இணைப்புக்கும் கவ்வி முனை. கம்பியை ஒரு துளைக்குள் நுழைத்துச் சின்ன நெம்பை அழுத்தினால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும், அந்த மாதிரி. மின்னழுத்தத்தைப் பெரிதாக்குகிற பெருக்கிகளும் வெளியிலிருந்து தயாராக வாங்குவது. காட்டில் ஏதாவது பழுதானால் சுலபமாக மாற்றலாம் என்று காரணம் எழுதியிருந்தான்.

அவள் ஒரு வாரம் சண்டை போட்டாள். கவ்வியில் இரைச்சல் வரும், அதாவது எண்கள் காரணமில்லாமல் தடுமாறும், ஈரம் பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும், தலைமுடிக் கனத்தை அளக்கிற இடத்தில் இதென்ன விளையாட்டு என்றாள். அவன் அசையவில்லை. கடைசியில், “சரி, மொழி பார்த்து வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்று வரைவை என்னிடம் கொடுத்தாள்.

காரணத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: “இம்முறையில் கட்டுமானத்தின்போது எவருக்கும் கையால் பற்றவைக்கும் சிரமம் இராது.”

அறிக்கை நடையில் ஆட்களுக்கு இடமில்லை. ‘பொருத்தப்படும்’, ‘சோதிக்கப்படும்’ என்று எல்லாம் தானாகவே நடக்கும். அப்படிப்பட்ட முப்பது பக்கத்துக்கு நடுவில் திடீரென்று ஓர் ‘எவருக்கும்’. அதற்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் “யாருக்கு?” என்று எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் என் திருத்தங்களைப் புரட்டிக்கொண்டே வந்தாள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் நின்றாள். மேசை மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னங்க, யாருக்குன்னு கேட்டிருக்கீங்களே. தெரிஞ்சு கேட்டீங்களா?”

“இல்லையே. அந்த வரியில யாரோ ஒளிஞ்சு நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான்.”

“நான்தான் நிக்கிறேன்” என்றாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் கையை மடியிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினாள். நீட்டியே வைத்திருந்தாள். நான் பார்த்தேன்.

அதற்குள் தம்பி ஒரு பை நிறையப் பழத்தோடு வந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன், மேசை மேல் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தான்.

“எப்ப இருந்து தெரியும்?” என்றாள் அவள்.

எது என்று அவன் கேட்கவில்லை. “ஏழு மாசமா.”

“மேடத்துக்கிட்ட சொன்னியா?”

“யார்கிட்டயும் சொல்லலை அண்ணி. சத்தியமா.”

“என்கிட்டயும் சொல்லலையே.”

அவன் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டான். சாப்பிடாமல் போனான். பழப் பை வாசலிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் அதே கேள்வியை அவளிடம் கேட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

“உங்ககிட்ட சொன்னா அதுக்கு ஒரு வார்த்தை கண்டுபிடிச்சிடுவீங்க. வார்த்தை வந்துட்டா அப்புறம் அது போகாது.”

6

இந்த இடத்தில் எனக்கு என் தம்பி மேல் சந்தேகம் வருகிறது. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். இதுவரை நான் எழுதியதைப் பார்த்தால், அவன் ஏதோ அன்பே உருவானவன் மாதிரி—

[இது உங்க தம்பியே இல்லை. உங்க தம்பி என் ஸ்க்ரூடிரைவர் ஒன்பதைத் திருப்பித் தராதவன்.]

அதுவும் உண்மை. வேலை செய்யும்போது ஒரே பாட்டின் ஒரே வரியை மூக்கால் முனகுவான். அடுத்தவர் பேசி முடிக்கும் முன் தலையாட்டுவான். ஆகவே நேராக அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அண்ணிக்காகச் செய்தாயா, வேலை தாமதமாகும் என்று செய்தாயா?

“ரெண்டும்தாண்ணா” என்றான். “அண்ணி ஒரு போர்டு முடிக்க நாலு நாள் ஆச்சு. எட்டுன்னா நீயே கணக்குப் போட்டுப் பாரு. தேதி தள்ளிப்போகும். மேடம் ஏன்னு கேட்பாங்க. நான் என்ன சொல்றது? எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியும்.”

“அறிக்கையில எழுதினது பொய் இல்லையா?”

அவன் யோசித்தான். “அது பொய் இல்லை. பாதி” என்றான். “முழுசையும் அண்ணிகிட்ட நேரா சொல்லியிருக்கணும். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. அவங்க மூஞ்சியைப் பார்த்தா வர்றது உள்ள போயிடும்.”

இவனைத்தான் நான் பாத்திரமாக ஏற்றுக்கொள்கிறேன். அன்பும் தேதியும் ஒரே மண்டைக்குள் இருக்கிற ஆள்.

7

பதினொரு நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். (சுருக்கமாக என்று சொல்லிவிட்டு நான் நீட்டுவது வழக்கம். மன்னிக்கவும்.)

ஒரே அறையில் இரண்டு பேர் பேசாமல் வேலை செய்தார்கள். பேச வேண்டியது இருந்தால் வரைவின் ஓரத்தில் எழுதினார்கள். அவர்களுக்கு நடுவில் மொழி பார்ப்பவன் என்ற பெயரில் நான் தபால்காரனாக அலைந்தேன்.

ஐந்தாம் நாள், தம்பி வரைவில் இன்னொரு மாற்றம் செய்து அனுப்பினான். கணினி இரண்டு. அவள் மூன்று வருடமாகக் கேட்டபடியே, ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. சமாதானக் கொடி.

அவள் ஓரத்தில் எழுதினாள்: “மாற்றத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒரு வரியில் தரவும்.”

அவன் எழுதினான்: “காரணம் இல்லை.”

அவள் எழுதினாள்: “எனில் பழையபடி ஒன்றாக்கவும். லஞ்சம் ஏற்கப்படாது.”

இந்தத் தாளை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவன் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தான். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவன் அழுததாக எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் டாக்டரிடம் போனோம். ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். நத்தைக் கூடு போல, நடுவிலிருந்து வெளியே. அவள் வரைந்த சுருளுக்குப் பல் முளைத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “ஆபத்து ஒண்ணும் இல்லைம்மா. ஆனா இது போகாது. மெதுவா கூடலாம், இப்படியே நிக்கவும் செய்யலாம். மாத்திரை கொஞ்சம் கை கொடுக்கும்” என்றார்.

“நொடிக்கு எத்தனை தடவை ஆடுது டாக்டர்?”

டாக்டர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அது... அளக்கிறதில்லைம்மா” என்றார்.

அவள் மறுநாள் கூடத்தில் ஒரு பழைய அதிர்வு உணரியை மணிக்கட்டில் கட்டி அளந்துவிட்டாள். நொடிக்கு ஏழு. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவள் குரல் தெளிவாக இருந்தது. எண் கிடைத்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி.

இதற்கு நடுவில் அவள் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தாள். ஒரு போர்டைத் தானே கையால் பற்றவைத்தாள், யாரும் சாப்பிடப் போகக் காத்திராமல், எல்லோர் கண் முன்னாலும். மடித்த துண்டின் மேல் மணிக்கட்டை வைத்து, மூச்சை அடக்கி, இரண்டு நாள். தம்பி மாதிரிக்காகக் கட்டி வைத்திருந்த கவ்வி போர்டையும் எடுத்தாள். இரண்டையும் பின்முற்றத்தில் ஒரே மரத்தில் மாட்டிப் பதிவு செய்யவிட்டாள். எது சரி என்று மரமே சொல்லட்டும் என்று நினைத்தாள் போல.

[நினைக்கலை. அளந்தேன்.]

அளந்தாள். பற்றவைத்ததில் இரைச்சல் ஒன்று என்றால் கவ்வியில் ஒன்றேகால். மரத்தின் ஒரு நாள் வீக்கமோ இருநூறு. கால் பங்கு கூடினாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

பதினோராம் நாள் மாலை, அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தம்பியின் மேசைக்குப் போனாள்.

“தம்பி, உன் கவ்வி நல்லாத்தான் இருக்கு.”

“அண்ணி...”

“பேசாதே. நாளைக்குக் குழு முன்னாடி கம்ப்யூட்டர் விஷயத்துல என்னை எதிர்த்து நில்லு. விட்டுக்கொடுத்தியோ, வீட்டுப் பக்கம் வராதே.”

“ஒண்ணுதான் அண்ணி வேணும். ரெண்டு வேஸ்ட்.”

“அப்படிச் சொல்லு” என்று அவள் நாற்காலியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

8

குழுக் கூட்டத்தில் நான் இல்லை. அவள் சொன்னதும் அவன் சொன்னதும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன். (அவன் கத்தினான் என்பது அவள் கட்சி. தாழ்ந்த குரலில் எடுத்துரைத்தேன் என்பது அவன் கட்சி. அதை விட்டுவிடுகிறேன்.)

குழுவில் ஒருவர், இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து, “பற்றவைப்பை ஏன் விட்டீங்க? இரைச்சல் கூடுமே?” என்று கேட்டார். தம்பி வாயைத் திறந்தான்.

“நான் சொல்றேன்” என்றாள் அவள்.

முதலில் எண்களைச் சொன்னாள். ஒன்று, ஒன்றேகால், இருநூறு. பிறகு, “இரைச்சல் தாங்கும்ங்கிறது அனுமதி மட்டும்தான் சார், காரணம் இல்லை. காரணம், எனக்குக் கை நடுங்குது” என்றாள். அவர்கள் பார்க்கட்டும் என்று கையை நீட்டவில்லை. தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். புரட்டும்போது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

மரத்து மேடம் தண்ணீர் குடித்தார். கேள்வி கேட்டவர் மெதுவாக, “புரியுதும்மா. ஆனா அதை அறிக்கையில போடணும்னு இல்லையே. காட்டில் மாற்றச் சுலபம்னு இருக்கிறதே போதும்” என்றார்.

“போடணும் சார். அடுத்த வருஷம் வேற யாராவது வந்து, இவங்க ஏன் கவ்வி போட்டாங்கன்னு கேட்பாங்க. கை நல்லா இருக்கிறவங்களா இருந்தா அவங்க பற்றவைக்கட்டும். அதுக்கு நிஜக் காரணம் தெரியணும்ல?”

இறுதி வரைவில் அந்த வரி இப்படி இருக்கிறது: “கட்டுபவர்களுள் ஒருவரான கருவிப் பொறியாளருக்கு வலது கை நடுக்கம் இருப்பதால் கவ்வி முனைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இதனால் கூடும் இரைச்சல் ஏற்கத்தக்கது.”

அதையும் நான்தான் திருத்தினேன். ஒற்றுகள் எல்லாம் சரியாக இருந்தன. ‘ஏற்கத்தக்கது’ என்ற சொல்லின் மேல் என் பென்சில் நின்றது. நின்றுவிட்டு, மேசைக்குப் போயிற்று.

பிறகு கணினிக்கு வந்தார்கள். தம்பி அவளை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசினான். அவள் ஒவ்வொரு வாதத்துக்கும் மறுவாதம் வைத்தாள். எட்டு மரத்துக்கு ஒரு கணினி போதும், முப்பத்திரண்டு மரம் வரும்போது பார்க்கலாம் என்று குழு முடிவு செய்தது. அவன் வென்றான்.

அன்று வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல், “தோத்துட்டேங்க” என்றாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அத்தனை திருப்தியை நான் பார்த்ததில்லை.

[பொய். கல்யாணத்தன்னிக்கு நீங்க என் முகத்தையே பார்க்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தீங்க.]

9

முடிவுகள்.

அ) முன்மாதிரி ஓடத் தொடங்கிய முதல் நாளிலேயே எட்டுக் கோடுகளும் திரையில் ஏறி இறங்க, அறையில் எல்லோரும் கை தட்டி— (நடக்கவில்லை. ஏழு கோடுகள்தான் வந்தன. ஐந்தாம் மரம் மௌனம் சாதித்தது.)

ஆ) அவள் வேலையை விட்டுவிடுகிறாள். இதை மூன்று பக்கம் எழுதினேன். நல்ல நடை. அவள் படித்துவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்தாள். “இதுல மரமே இல்லையே” என்றாள். கிழித்துவிட்டேன்.

இ) நடந்தது. ஐந்தாம் மரத்தில் கோடு வரவில்லை என்றதும் இருவரும் பின்முற்றத்துக்கு இறங்கிப் போனார்கள். பெட்டியைத் திறந்தால், ஒரு கம்பி கவ்வியிலிருந்து நழுவி நின்றது. தம்பியின் கை தானாக நீண்டது. நீண்ட கையை அவன் பின்னால் இழுத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். அவள் கம்பியை எடுத்துத் துளைக்கு நேராகக் கொண்டுபோனாள். விலகியது. மறுபடி. விலகியது. அவன் மரத்தின் உச்சியைப் பார்த்தபடி நின்றான். அங்கே ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை ‘டக்’ என்றது. மேலே ஜன்னலிலிருந்து மரத்து மேடம், “அண்ணி, அஞ்சு வந்துடுச்சு!” என்று கூவினார். அந்த முழுத் திட்டத்திலும் தனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் இல்லை என்று தம்பி பிற்பாடு என்னிடம் சொன்னான்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மூன்றாவது வாரம் அந்த ஒற்றைக் கணினி படுத்துக்கொண்டது. இரண்டு நாள் எண்கள் போயே போயின. ஞாயிறு மதியம் தம்பி வந்து, சாப்பிட உட்காரும் முன் ஒப்புக்கொண்டான். என் மனைவி பெருந்தன்மையானவள் என்பதால் “நான் அப்பவே சொன்னேன்” என்று நான்கு தடவைதான் சொன்னாள்.

[அஞ்சு.]

10

இப்போது பெரிய திட்டம் வந்திருக்கிறது. முப்பத்திரண்டு மரம், ஐந்து வருடம். போன வாரம் மரத்து மேடம் ஒரு படிவம் கொடுத்தார். அதில் ஒரு கட்டம்: ‘கருவிப் பொறுப்பாளர்’. நாளை அதைக் கொடுக்க வேண்டும்.

ஐந்து வருடத்தில் அவள் கை எப்படி இருக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது. பொறுப்பை ஏற்கலாம். வேறொருவரை எழுதிவிட்டு, அவருக்குத் துணையாக இருக்கலாம். தம்பி கருவி வேலை கற்றுக்கொள்கிறேன் என்கிறான். அவன் பற்றவைத்த முதல் இணைப்பைப் பார்த்துவிட்டு அவள், “என் கையே தேவலை” என்றாள். மரத்து மேடம், “உங்க இஷ்டம் அண்ணி, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்” என்று தினமும் ஒரு வார்த்தை சொல்கிறார். என்னிடம் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வரியை எழுதும்போது அவள் எனக்கு எதிரே, இதே மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்துவிட்டது. சமையலறையில் தம்பி பாத்திரம் கழுவுகிறான். இப்போதுதான் ஏதோ ஒன்று விழுந்தது, உடையவில்லை போலிருக்கிறது. அவள் படிவத்தை முன்னால் வைத்து, மடித்த துண்டின் மேல் வலது மணிக்கட்டை வைத்து, எழுதிக்கொண்டிருக்கிறாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் மறைப்பதுபோல, இடது கையைக் குறுக்கே வளைத்து வைத்திருக்கிறாள். பேனா நகர்கிற சத்தம் கேட்கிறது. மெதுவாக எழுதுகிறாள். அந்தக் கட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே எழுதுகிறாள் என்று தோன்றுகிறது, ஆனால் இப்போது அவள் எழுத்துக்கு இடமும் நேரமும் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே சத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எப்படி முடிய வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. அதை எழுதினால் அவள் படிப்பாள். படித்தால் அது அவள் கட்டத்துக்குள் போய்விடும். அதனால் எழுதவில்லை.

நான் என் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அவளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். பாருங்கள். பார்த்துவிட்டு என்னிடம் சொல்ல வேண்டாம், அவளே சொல்லட்டும்.